ஐப்பசிக்குள் ஒரு பாலம்

என் ஞானம்,

பதினாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். உனக்குக் கடிதம் எழுத வேண்டிய தேவை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. வீட்டில் எழுதுகிற வேலை முழுக்க உன்னுடையதுதான். பண்டாரவளையில் இருக்கும் என் தங்கைக்குப் போகிற கடிதத்தைக்கூட நீதான் எழுதுவாய். நான் அடியில் ‘அந்தோணி’ என்று மட்டும் போடுவேன். அதனால் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

பாலம் நிற்கிறது. நீ முதலில் அதைத்தான் கேட்பாய் என்று தெரியும், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். மார்கழி பிறந்துவிட்டது. நமுனுகுல மலை ஒரு வாரமாகக் கண்ணில் படவில்லை, அவ்வளவு மூட்டம். ஓடை சிவப்பாகப் புரண்டு போகிறது. பாலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் நேற்று நான்கு அடி இருந்தது.

போன ஞாயிறு லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கும் இதே மாதிரி ஒரு ஓடை, இதே கஷ்டம். பாலத்தின் மேல் நடந்தார்கள், அடியில் குனிந்து பார்த்தார்கள். பிறகு ஒருவர் கேட்டார்: “பாஸ், ஒரு தோட்டத்து ஆளுங்கள வச்சிக்கிட்டு, ஞாயித்துக்கெழமைல மட்டும் வேல செஞ்சு, சொன்ன நாளுக்குள்ள எப்படி முடிச்சீங்க? யாரு சொல்லிக் குடுத்தது?”

“எம் பொஞ்சாதி” என்றேன்.

“அவங்களப் பாத்துட்டுப் போகலாமா?”

நம் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் பக்கத்தில் இருந்தார், அவர்தான் அவர்களைத் தனியே கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னார். பிறகு என்னிடம் வந்து, “நடந்தத அப்படியே எழுதி வைங்க பாஸ், கேக்குறவங்களுக்குக் குடுக்கலாம்” என்றார். அவர்களுக்கென்று எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. உனக்கென்றால் ஓடுகிறது. ஆகவே உன்னிடம் சொல்கிறேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

போன வருஷத்துக் கார்த்திகையிலிருந்து தொடங்க வேண்டும்.

அன்றைக்குப் பகல் இரண்டு மணி இருக்கும். ஓடைக்கு அந்தப் பக்கம் கீழ் லயத்து வரிசை வீட்டிலிருந்து ராமையா ஓடிவந்து அக்கரையில் நின்று கத்தினான். அவன் மனைவி பேச்சிக்கு வலி கண்டுவிட்டது. நீ உன் மருத்துவச்சிப் பையை எடுத்துக்கொண்டு ஓடினாய். கால் வைத்துத் தாண்டுகிற கல் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. இக்கரையில் நின்று, தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே, இதைச் செய், அதைச் செய்யாதே என்று அக்கரைக்கு ஓடிவந்த பேச்சியின் மாமியாருக்குத் தொண்டை கிழியக் கத்திச் சொன்னாய். பிறகு வண்டிப் பாதையைச் சுற்றிக்கொண்டு நடந்தாய். ஆறு மைல், கொட்டுகிற மழையில். நீ போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்து அழுதுகொண்டிருந்தது. பேச்சிக்கு இரத்தம் நிற்கவில்லை. உன் கண் முன்னால்தான் அவள் போனாள்.

நீ வீட்டுக்கு வந்து ஈரச் சேலையோடு அப்படியே உட்கார்ந்தாய். அழுவாய் என்று பார்த்தேன். நீ கேட்டது வேறு.

“ஏங்க, ஒரு பாலம் கட்ட எத்தன நாளு ஆகும்?”

நான் தோட்டத்துத் தச்சன், எல்லோருக்கும் ‘பாஸ்’. தச்சனுக்கு உரிய பதிலைச் சொன்னேன். “மரம் கையில இருந்தா ரெண்டு வாரம்.”

“மரம் எப்ப கையில இருக்கும்?”

“தொரை குடுத்தா.”

“தொரைகிட்ட யாரு கேக்குறது? என்னைக்குக் கேக்குறது?”

அதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றவில்லை. நான் வேலை செய்கிறவன். மரம் வந்தால் அறுப்பேன், அறுத்தால் பொருத்துவேன். வேலைக்கு முன்னால் இவ்வளவு வேலை இருக்கிறது என்பதே நீ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

தை மாதத்தில் தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாய். சுவரில் சாய்த்து வைத்து, சுண்ணக்கட்டியால் மேலே ‘தீபாவளி’ என்று எழுதினாய். அதற்கு அப்புறம் மழை பிடித்துக்கொள்ளும், ஓடையில் இறங்க முடியாது. அதுதான் கடைசி நாள் என்றாய். நான் சிரித்தேன். வீட்டுக்கு அடித்தளம் போடுகிறவன் கூரையிலிருந்து தொடங்குவானா என்று கேட்டேன். “புள்ளத்தாச்சிக்கு நாள் குறிச்சிட்டுத்தாங்க பின்னால எண்ணி வருவோம். எந்த மாசத்துல என்ன தயாரா இருக்கணும்னு அப்பத்தான் தெரியும். புள்ள சொன்ன நாளுக்கு வந்துரும். தயாரா இல்லாதது நாமதான்” என்றாய்.

அப்புறம் கூட்டம். லயத்து வாசலில் எல்லோரும் வந்தார்கள், ஆளுக்கு ஒரு பாலம் கேட்டார்கள். கங்காணிக்கு மாட்டு வண்டி போகிற அளவுக்கு வேண்டும். இளவட்டங்களுக்குக் கோயிலுக்கு நேராக வேண்டும். பெரிய கணக்கப்பிள்ளைக்குக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில் வேண்டும். நீ யாரையும் மறுத்துப் பேசவில்லை. ஒன்றை மட்டும் கேட்டாய்: “நாலு பேரு ஒரு பொம்பளையத் தூக்கிக்கிட்டு ஓடணும்னா எவ்வளவு அகலம் வேணும்?” இரண்டு பையன்களை ஒரு கட்டிலின் தலைமாட்டிலும் இரண்டு பேரைக் கால்மாட்டிலும் நிறுத்தி, அங்கேயே தூக்கவைத்து, என் அளவுகோலால் அளக்கச் சொன்னாய். ஐந்தடி. “அவ்வளவுதான் நம்ம பாலம். மத்ததெல்லாம் இது முடிஞ்ச பின்னால” என்றாய். இடம் மட்டும் கணக்கப்பிள்ளை கேட்ட இடமே ஆயிற்று, ஏனென்றால் மடுவத்துக்குப் பக்கத்தில்தான் ஓடை குறுகலாக இருந்தது. அவர் அதில் மகிழ்ந்துபோய், கொழுந்து சீக்கிரம் வந்து சேரும் என்று துரையிடம் அவரே பேசி இரண்டு டர்பன்டைன் மரத்துக்கு அனுமதி வாங்கிவந்தார். நீ அவரைக் கேட்கவே இல்லையே ஞானம், அவராகவே அல்லவா போனார்! அதையும் நீ முன்கூட்டியே எண்ணியிருந்தாயா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

கங்காணி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிரஜாவுரிமை விண்ணப்பம் திரும்பி வந்திருந்த நேரம் அது. “நம்மள இந்த நாட்டு ஆளுங்களே இல்லேன்னுட்டாங்க. நாளைக்குக் கப்பலேத்திட்டா இந்தப் பாலத்துல எவன் நடக்குறது?” என்றார்.

“யாராச்சும் ஒரு புள்ளத்தாச்சி நடப்பா கங்காணி. அவ எந்த நாட்டுக்காரியா இருந்தா என்ன?” என்றாய். கங்காணி அடுத்த ஞாயிறு கடப்பாரையோடு வந்தார்.

ஓவர்சியர் ஐயாவை மறந்துவிடக்கூடாது. பதுளையிலிருந்து ரோடு பார்க்க வருகிற யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மோட்டார் சைக்கிளை நடு ரோட்டில் கையைக் காட்டி நிறுத்தினாயே! நான் தேயிலைச் செடிக்குப் பின்னால் ஒளியாத குறை. அவர் கோபிக்கவில்லை. ஓடைக்கு வந்து பார்த்தார். நான் மரத்தைப் பற்றி ஏதேதோ பேச, அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “மரத்தைப் பிறகு பாப்பம். போன மாரியிலை தண்ணி எவ்வளவு உயரத்துக்கு வந்தது? கண்டவை ஆர்?”

பேச்சியின் மாமியார் வந்து ஒரு பாறையைக் காட்டினாள். அன்றைக்கு அது முழுகிவிட்டதாம்.

“அதுக்கு மேலை மூண்டடி விடுங்கோ. இல்லாட்டி நீங்கள் கட்டுறது பாலமில்லை, அணைக்கட்டு” என்று சொல்லிவிட்டு, இரண்டு கரையிலும் கல் கட்டுக்கு ஆழம் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் கல் கட்டிலிருந்து தொடங்கத் துடித்தேன். அதுதான் எல்லோர் கண்ணிலும் தெரிகிற வேலை. நீ விடவில்லை. “இதுல எதுக்கு ரொம்ப நாளு காத்திருக்கணும்?” என்று கேட்டாய். மரம் வெட்டி, அறுத்து, காய வைப்பதற்குத்தான் என்றேன். “அப்ப அத மொதல்ல தொடங்குங்க. பலக காயிற நேரத்துல கல்லு கட்டலாம். கல்லு கட்டிட்டு மரம் வெட்டப் போனா, பலக காயறதுக்குள்ள மழை வந்துரும்.” இருபது வருஷமாகத் தச்சு வேலை செய்கிறவனுக்கு இது தோன்றவில்லை, பார்.

தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒவ்வொரு வேலைக்கும் நேராக ஒரே ஒரு பெயர் எழுதினாய். மண் எடுப்பது ராமையா. கல் சுமக்க ஆள் சேர்ப்பது கங்காணி. ஆணியும் இரும்புப் பட்டையும் பதுளையிலிருந்து வந்து சேர்வதற்குக் கணக்கப்பிள்ளை. மரம் நான். “நாங்க எல்லாருமாப் பாத்துக்குறோம்” என்று இளவட்டங்கள் சொன்னபோது, “எல்லாருமாச் செய்யுங்க. ஆனா செய்யலேன்னா நான் யாரு வீட்டுக் கதவத் தட்டுறது?” என்றாய். வேலையைச் செய்ய எத்தனை பேரும் வரலாம், பதில் சொல்ல ஒருவர்தான் என்பாய். ஞாயிறு தோறும் வேலைக்கு முன்னால் கால் மணி நேரம் எல்லோரையும் நிற்கவைத்து, என்ன முடிந்தது, என்ன முடியவில்லை, எது தடுக்கிறது என்று கேட்பாய். யார் தப்பு என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதனால்தான் எல்லோரும் உன்னிடம் உண்மையைச் சொன்னார்கள்.

என்னைத் தவிர.

இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றிவந்தேன் போலிருக்கிறது. ஆடி மாதம் பெரிய ரம்பம் உடைந்தது. வேறு ரம்பம் வர மூன்று வாரம் ஆயிற்று. நீ கேட்ட ஒவ்வொரு ஞாயிறும், “முடிஞ்ச மாதிரிதான்” என்றேன். எல்லோர் முன்னாலும், புருஷன்காரன் வேலைதான் பின்தங்கி இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. எப்படியும் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த மாதம்தான் கீழ் லயத்தில் ஐந்து பெண்கள் முழுகாமல் இருப்பது உனக்குத் தெரிந்து, அவர்கள் பெயரைப் பலகையின் அடியில் எழுதியிருந்தாய். ஐந்து பேருக்கும் ஐப்பசிக்கும் தைக்கும் நடுவில் நாள்.

ஒரு மத்தியானம் மரம் அறுக்கிற குழிக்கு நீ தனியாக ஏறி வந்தாய். நாற்பது பலகை இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று இருந்தது. நீ ஒவ்வொன்றாகக் கையால் தொட்டு எண்ணினாய். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

“இது எனக்குச் சொன்ன பொய்யில்லங்க. அந்த அஞ்சு பேருக்குச் சொன்னது” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாய். அன்றும் மறுநாளும் நாம் தேவைக்கு மேல் பேசவில்லை. மூன்றாம் நாள் உனக்குக் காய்ச்சல் கண்டது.

நெருப்புக் காய்ச்சல் என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பஸ்ஸில் வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உன் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏழாம் நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தாய். கேட்டாய்: “பலக எத்தன?”

“பதினெட்டு. இன்னும் இருவத்திரண்டு இருக்கு. ராத்திரி பகலா அறுத்தாலும் புரட்டாசி ஆயிரும்” என்றேன்.

நீ சிரித்தாய் ஞானம். உதடு வெடித்துப் போயிருந்தது, அதோடு சிரித்தாய். “இன்னிக்குத்தாங்க எனக்கு தைரியமா இருக்கு. நெசம் தெரிஞ்சா ஏதாச்சும் வழி பண்ணலாம்.” பிறகு, “பாலத்துக்கு ஏறுற கல்லுப் படிய விட்டுருங்க. கல்லு சொமக்குறவங்க பலக இழுக்க வரட்டும். படி இல்லாட்டி மண்ணுல ஏறலாம். பாலம் இல்லாட்டி ஏற முடியாது” என்றாய்.

அந்தப் பொய்க்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் பஸ் முழுக்க யோசித்து வந்தேன். பலகைக் கணக்குச் சொன்னதிலேயே எல்லாம் சொல்லிவிட்டதாக நினைத்துவிட்டேன். உனக்கு அது போதுமாக இருந்ததா? ஒன்பதாம் நாள் காலையில் நான் வந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

மாதா கோயிலுக்குப் பின்னால் உன்னை அடக்கம் செய்தோம். இரண்டு ஞாயிறு யாரும் ஓடைக்குப் போகவில்லை. நான் அந்தப் பலகையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். உன் எழுத்தைப் பார்க்க முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை.

மூன்றாம் ஞாயிறு காலையில் ராமையா வந்து வாசலில் நின்றான். இடுப்பில் பேச்சியின் பிள்ளை. “அண்ணே, வேலக்கி வர்றீங்களா?” என்றான்.

“யாரு கூப்பிட்டது? யாருக்கு என்ன வேலன்னு யாருக்குத் தெரியும்?” என்று கோபமாகக் கேட்டேன்.

அவன் எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாதவன். நின்ற இடத்திலேயே சொன்னான்: “அக்கரைல கல்லுக் கட்டு ரெண்டடி பாக்கி, கங்காணி. ஆணி வந்துருச்சு, எடுத்தாரணும், கணக்கப்பிள்ள. உத்தரம் ரெண்டையும் கயிறு போட்டு இழுக்கணும், அது நானு, பன்னெண்டு பேரு சொல்லி வச்சிருக்கேன். பலக நீங்கண்ணே. அம்மா சொன்னதுதான். எல்லாருக்கும் தெரியும்.”

உன்னிடம் எனக்குக் கோபம் வந்தது. இதை நீ மட்டுமாவது தெரிந்துகொள்ள வேண்டும், மற்றவர்களும் தெரிந்துகொண்டால் பரவாயில்லை. வேலையை உன் தலையில் வைத்திருந்தால், நீ போனதும் அது நின்றிருக்கும். நின்றிருந்தால் உன்னால்தான் எல்லாம் நடந்தது என்று நான் சொல்லிச் சொல்லி அழுதிருக்கலாம். நீ எல்லோர் தலையிலும் பிரித்து வைத்துவிட்டாய். நீ இல்லாமல் நடக்கும்படி ஏன் அவ்வளவு நன்றாக ஏற்பாடு செய்தாய்? என்னையும் அப்படி ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா? பாலத்துக்கு இருந்த திட்டம் எனக்கு இல்லையே.

அன்றைக்கே அவனோடு போனேன். படியை விட்டுவிட்டோம். உத்தரத்தை இழுத்தபோது கயிறு அறுந்து ஒன்று ஓடையில் விழுந்தது. பன்னிரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் திரும்பத் தூக்கினோம். ஒவ்வொரு ஞாயிறும் எத்தனை பலகை முடிந்தது என்று நானே முதலில் சொன்னேன். குறைவாக இருந்தால் குறைவு என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை, அடுத்த நாள் அந்தி வேலையாக இரண்டு பேர் ரம்பம் பிடிக்க வந்தார்கள். தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னாலேயே மழை வந்துவிட்டது. கடைசி ஆறு பலகையைச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கொட்டுகிற மழையில் அடித்தோம். கைப்பிடி இரண்டு பக்கமும் உண்டு, பயப்படாதே.

பாலம் முடிந்த பிறகு, உன் இடத்துக்குப் பண்டாரவளையிலிருந்து ஒரு பிள்ளை வந்திருக்கிறாள். கெட்டிக்காரி, கொஞ்சம் வேகமாக நடப்பாள். தோட்டத்து ஆஸ்பத்திரிச் சாமான் என்று உன் பையை அவளிடம் கொடுத்துவிட்டார்கள். நான் போட்டுத் தந்த மரக் கைப்பிடியோடு அந்தப் பை பாதை வளைவில் திரும்பி வருகிறபோதெல்லாம், ஆள் தெரிவதற்கு முன்னால் ஒரு நொடி, நான் என்ன ஆகிறேன் என்று எழுதத் தெரியவில்லை.

கார்த்திகையில் லெட்சுமிக்கு வலி கண்டது. தண்ணீர் அந்தப் பாறையை முழுக்கடித்துப் போய்க்கொண்டிருந்தது. நான்கு பேர் கட்டிலோடு இக்கரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்; ஐந்தடி சரியாக இருந்தது. அவள்தான் இரண்டாவது. இதுவரை நான்கு பேர் தாண்டிவிட்டார்கள். நான்கு தாய், நான்கு பிள்ளை, எல்லோரும் சுகம். அன்றைக்கு லெட்சுமிக்குப் பிரசவம் பார்த்துவிட்டுக் கை கழுவிக்கொண்டே, புதிதாக வந்த அந்த மருத்துவச்சிப் பிள்ளை என்னிடம் கேட்டாள்: “இந்தப் பாலம் இல்லாட்டி என்ன செய்றது பாஸ்? நல்லவேள, முந்தியிலருந்தே இருக்கு, இல்ல?”

“ஆமாம்மா” என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவளுக்கு அது எப்போதும் இருந்த பாலம்தான். நீ கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாய்.

ஐந்தாவது பெண் கங்காணியின் மருமகள். தை முதல் வாரம் என்று நீ குறித்து வைத்திருக்கிறாய். லுணுகலைக்காரர்கள் உடனே வரச் சொல்கிறார்கள். முடியாது, ஒரு பெண் பாக்கி இருக்கிறாள் என்று சொல்லி அனுப்பினேன். தினமும் காலையில், பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்க ஆட்கள் சேருவதற்கு முன்னால், சுத்தியலோடு போய் ஒவ்வொரு ஆணியாகத் தட்டிப் பார்க்கிறேன். அவள் தாண்டுகிற அன்றைக்கு, பகலானாலும் இரவானாலும், நான் அக்கரை முனையில் நிற்பேன். பிள்ளை அழுத பிறகுதான் லுணுகலைக்குப் பஸ் ஏறுவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

என்றும் உன் வீட்டுக்காரன்,
அந்தோணி